கெடு இல்லாத தாள்

ஆசியத் தடகளப் போட்டியில் ஆண்கள் நானூறு மீட்டர் இறுதி ஓட்டத்தின் முடிவை அறிவித்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. நானூறு மீட்டர் என்பது மைதானத்தை ஒரு சுற்று. புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரும் ஓட்டம் என்று எல்லோரும் சொல்வார்கள். கறாராகப் பார்த்தால் அது முதல் தடத்தில் ஓடுபவருக்கு மட்டுமே பொருந்தும். வளைவைச் சரிக்கட்ட மற்றவர்களைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் தள்ளி நிறுத்துகிறார்கள்.

ஐந்தாம் தடத்தில் ஓடிய இசக்கிமுத்து நான்காவது. அவனுக்குச் சற்று முன்னால், ஆறாம் தடத்தில் புறப்பட்ட கஜகஸ்தான்காரன் எர்லான் மூன்றாவது. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரு விநாடியில் நூறில் மூன்று பங்கு.

இசக்கி ஆணி வைத்த ஷூவைக்கூடக் கழற்றாமல் பியூலா மேடத்திடம் வந்தான். கூடார நிழலில் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆறு வருடமாக அவனுக்குப் பயிற்சி தருபவர். ஒரு காலத்தில் இதே தூரத்தை ஓடி, இதே போட்டியில் வெண்கலம் வாங்கியவர்.

"மேடம், எர்லான் கோட்ட மிதிச்சான். கடைசி வளைவுல. ரெண்டு தடவ."

வளைவில் தன் தடத்தின் உள்கோட்டை ஒரு தடவை மிதித்தால் விதி கண்டுகொள்ளாது. இரண்டு என்றால் தகுதிநீக்கம். நடுவர்கள் கவனிக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் எழுத்தில் புகார் கொடுத்தால் வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள். பார்த்தால் வெண்கலம் இசக்கிக்கு. அவனுக்கு வயது இருபத்தொன்பது. வெளிநாட்டில் வாங்கிய பதக்கம் என்று இன்னும் ஒன்றும் இல்லை.

புகார் கொடுக்கலாமா என்று கேட்டான். பொய்யா என்று கேட்டார் மேடம். சத்தியமாக இல்லை என்றான்.

"அப்ப தாராளமாக் குடு."

பையிலிருந்து படிவத்தை எடுத்தார். தைலமும் புகார்ப் படிவமும் இல்லாமல் பயிற்சியாளர்கள் வெளியூர் போவதில்லை. தடம், வளைவு, மிதித்த கால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார்.

"நீ எவ்வளவு பின்னால இருந்த?"

"ரெண்டு மீட்டர்."

"அங்கருந்து கோடு தெரிஞ்சுதா?"

"அது எனக்கும் அவனுக்கும் பொதுக் கோடுதானே மேடம். அதுபோக, இருநூறுலருந்து அவன் குதிகாலத் தவிர நான் வேற எதையும் பாக்கல. அத விட்டா செத்தேன்னு தெரியும்."

பேனா நின்றது.

"இன்னிக்கு உன் நேரம்?"

"நாப்பத்தஞ்சு புள்ளி நாலு ஒண்ணு."

"இதுக்கு முன்னால?"

"நாப்பத்தாறு விநாடிக்குக் கீழ வந்ததே இல்ல." அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. "இதெல்லாம் படிவத்துல கேக்காங்களா மேடம்?"

"இல்ல."

யாருக்கு எந்தத் தடம் என்று அச்சிட்ட தடப் பட்டியலின் பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். இசக்கி சொல்வதாக, எர்லானுக்குப் புரியும் அளவு எளிய ஆங்கிலத்தில் இரண்டே வரி: உன் குதிகாலைத் துரத்தித்தான் என் வாழ்நாளிலேயே வேகமாக ஓடினேன். நன்றி.

படிவத்தையும் அந்தத் தாளையும் மடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் நெசம்தானே?"

இசக்கி இரண்டையும் படித்தான். நிஜம்தான் என்றான்.

"அப்ப ரெண்டுலயும் கையெழுத்துப் போடு."

போட்டான். எதை முதலில் கொடுப்பது என்று கேட்டான்.

"புகாருக்கு அரை மணி நேரம் கெடு. இன்னொண்ணுக்குக் கெடு கிடையாது."

புகார் அலுவலகம் இடப்பக்கம். வலப்பக்கம், ஒரு பாயில், ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு எர்லான் மல்லாந்து கிடந்தான். இசக்கி படிவத்தை எடுத்துக்கொண்டு இடப்பக்கம் பத்தடி போனான். நின்றான்.

"அந்த நன்றித் தாள அப்புறம் குடுத்துக்கலாம்லா மேடம்?"

பியூலா மேடம் பையின் உள் ஜிப்பைத் திறந்து, நான்காக மடித்த ஒரு பழைய தடப் பட்டியலை எடுத்தார். மடிப்புகளில் தாள் கிழிந்திருந்தது.

"நானும் அப்படித்தான் நெனச்சேன். எங்க காலத்துல ஒரு மிதியே போதும். புகார அன்னிக்கே குடுத்தேன். வெண்கலம் வந்துச்சு, வீட்ல கண்ணாடி அலமாரில இருக்கு. எனக்கு முன்னால மூணாவதா வந்த மலேசியாப் பொண்ணுக்கு எழுதினது இது. இருபத்தேழு வருஷமா பையிலேயே இருக்கு."

இசக்கி மைதானத்துக் கடிகாரத்தைப் பார்த்தான். இன்னும் பதினொரு நிமிடம் இருந்தது.

திரும்பி வந்தான். படிவத்தைக் காற்றில் பறந்துவிடாமல் அவருடைய தண்ணீர்ப் பாட்டிலுக்கு அடியில் வைத்தான். மற்ற தாளை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் நடந்தான்.