தலைமையாசிரியரின் ஜென்ஷியன்

"இது அநியாயம்மா" என்றார் தில்லைநாயகம்.

குரு உமையாள் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டார். அவர் தன் சீடரைவிட இருபது வயது இளையவர்.

"எது சார்?"

"இந்தப் பூ!"

தில்லைநாயகத்தின் காலடியில், சல்லிக் கற்களுக்கு நடுவே, பனிமலைகளில் நீலமாகப் பூக்கும் ஒரு ஜென்ஷியன் செடி. விரல் உயரம்தான். அதன் நுனியில் ஒரே ஒரு மொட்டு. நீலம் ஏறி, நன்றாக முற்றி, மடக்கிய குடை போல முறுக்கிக்கொண்டு நின்றது.

பனிமலை மேலிருந்த அந்த மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. வருகிறவர் எவரானாலும் ஒரு சிட்டிகை ஜென்ஷியன் விதை கொடுப்பார்கள். விதைத்த பிறகு மூன்றாவது குளிர்காலம் தொடங்குவதற்குள் அவருடைய செடியில் ஒரு பூவாவது விரிய வேண்டும். விரிந்தால் மடத்தில் தங்கலாம். இல்லையென்றால் இறங்கிப் போக வேண்டும்.

அன்று மதியம் கடைசிக் கோவேறு கழுதைகள் கீழே புறப்படுகின்றன. அதற்குப் பிறகு பாதையைப் பனி மூடிவிடும்.

தில்லைநாயகம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டை மகன் பெயருக்கு எழுதி வைத்துவிட்டு, இனித் திரும்பி வரமாட்டேன் என்று தெரு முழுவதும் சொல்லிவிட்டு வந்தவர்.

"நான் என்ன குறை வெச்சேன், சொல்லுங்க. விதையை மண்ணுக்குள்ள புதைக்காதீங்க, வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்னீங்க. மேலாகத்தான் தூவினேன். குளிர்காலம் பூராவும் பனியிலேயே கிடக்கணும்னீங்க. கிடந்துது. எனக்கு மனசு கேக்கலை, இருந்தாலும் உள்ளே எடுத்துட்டு வரலை."

"ஆமாம்."

"எரு போடாதீங்கன்னீங்க. போடலை. தண்ணி தேங்கக் கூடாது, ஆனா காயவும் கூடாதுன்னீங்க. இந்தச் சல்லி அத்தனையும் நான் முதுகுல சுமந்து வந்து கொட்டினது. வேர் ஆழமாப் போகும், இடம் மாத்தாதீங்கன்னீங்க. மாத்தறதாவது, தொட்டுக்கூடப் பார்க்கலை!"

"தெரியும் சார்."

"அப்ப ஏன் விரியலை?"

உமையாள் அண்ணாந்து சூரியனைப் பார்த்தார்.

அந்த வழியாக மாசிலாமணி தண்ணீர் வாளியோடு வந்தார். ஊரில் பல் டாக்டராக இருந்தவர். இருவரும் ஒரே நாளில் மடத்துக்கு வந்தவர்கள்.

"ஹெட்மாஸ்டர் சார், மொட்டுக்கு அட்டெண்டன்ஸ் எடுத்தாச்சா?"

"பாருங்கம்மா இவரை! விதையைத் தூவினதும் மறந்தே போனார். இவர் பூ விரிஞ்சப்போ இவர் தூங்கிட்டிருந்தார்!"

"குறட்டை வேற விட்டேனாம்" என்று சொல்லிக்கொண்டே மாசிலாமணி போய்விட்டார்.

தில்லைநாயகத்துக்கு மூச்சு வாங்கியது.

"மொட்டு வந்ததிலேருந்து நான் இந்த இடத்தை விட்டு நகரலைம்மா. விடியறதுக்கு முன்னாடி வந்து உட்கார்ந்தா, இருட்டினப்புறம்தான் எழுந்திருக்கேன். சாப்பாடும் இங்கேதான். ஆடு வந்து மேஞ்சுட்டா? யாராவது மிதிச்சுட்டா? காத்து அடிக்கக் கூடாதுன்னு அது மேலேயே கவிழ்ந்து உட்கார்ந்திருக்கேன். என் சர்வீஸ்ல என் கண்ணெதிர்ல ஒரு பையன் காப்பி அடிச்சதில்லை, தெரியுமா?"

"உங்க கண்ணெதிர்ல யாராவது சிரிச்சிருக்காங்களா சார்?"

தில்லைநாயகத்தின் காது மடல்கள் சிவந்தன.

"இதுதான் உங்க பதிலா? சொன்னதையெல்லாம் செஞ்சவன் இறங்கிப் போகணும். தூங்கினவன் தங்கணும். இதுக்குப் பேர் ஞானமா? என் ஸ்கூல்ல இப்படி ஒரு ரிசல்ட் போட்டிருந்தா பெத்தவங்க கேட்டை உடைச்சிருப்பாங்க!"

"இங்கே கேட் இல்லையே சார்."

"கேலி வேறயா?"

அவர் எழுந்தார். முழங்கால்கள் சடசடத்தன.

"உங்க வழக்கமும் பொய். உங்க பூவும் பொய். நீங்க என்ன என்னை அனுப்பறது? நானே போறேன்!"

கிழக்கு மேட்டில் இருந்த தன் குடிசைக்கு ஏறினார். கம்பளியை மடிக்காமல் அப்படியே சுருட்டினார். காலுறை ஒன்று கிடைக்கவில்லை. பெட்டியை நகர்த்தித் தேடினார், கட்டிலுக்கு அடியில் தேடினார். அதையும் திட்டினார். கடைசியில் அது கம்பளிச் சுருட்டுக்குள்ளேயே இருந்தது. மறுபடி பிரித்து, மறுபடி சுருட்டினார்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தவருக்கு, இன்னும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மேட்டிலிருந்தே குரல் கொடுத்தார்.

"இன்னொரு விஷயம்மா! உங்களை மாதிரி ஒரு டீச்சர்..."

முடிக்கவில்லை.

கீழே, அவர் நிழல் விலகிய இடத்தில், பளிச்சென்ற வெயிலில் ஜென்ஷியன் விரிந்திருந்தது. தொண்டைக்குழி வரை நீலம். அதன் அருகில் யாரும் இல்லை. உமையாள் மிகவும் தள்ளி, ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தார்.

பை நழுவி விழுந்தது. தில்லைநாயகம் சரிவில் ஓடினார்.

சூரியன் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவருடைய நீண்ட நிழல் அவரை முந்திக்கொண்டு ஓடி, பூவின் மேல் விழப் போயிற்று.

உமையாள் சட்டென்று கையை உயர்த்தினார்.

"அங்கேயே நில்லுங்க சார்!"