மண்டபக்குறிச்சி சமாதானக் கபடி

மண்டபக்குறிச்சி நாட்டைப் பூகோளப் புத்தகத்தில் தேடாதீங்க, கிடைக்காது. வரைபடம் போட வந்தவரிடம் "எங்க நாட்டை மட்டும் கொஞ்சம் பெரிசாக் காட்டுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். அவரும் ஒரு தாள் முழுக்க இந்த நாட்டை மட்டும் வரைந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மற்ற நாடெல்லாம் இருக்கிற தாளில் இதற்கு இடமில்லை.

அதற்கு ஒரே ஒரு பக்கத்து நாடு. பேர் பூசணிப்பாளையம். மொத்த ஜனத்தொகை இருநூத்திப் பதினொண்ணு. இரண்டு நாட்டுக்கும் நடுவே ஆறும் கிடையாது, மலையும் கிடையாது. ஒரு பொட்டல் திடல், அதன் குறுக்கே சுண்ணாம்பில் ஒரு கோடு, அவ்வளவுதான் எல்லை. மழை பெய்து கோடு அழிந்துவிட்டால், தாங்கள் எந்த நாட்டில் நிற்கிறோம் என்று தெரியாமல் இரண்டு பக்கத்துக்காரர்களும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வரைக்கும் நன்றாகத்தான் பழகினார்கள். அப்போது பூசணிப்பாளையத்து ராஜா விருந்துக்கு வந்திருந்தார். நம்ம ராஜா மகுடேஸ்வரர் வாய் நிறைய, "இதை உங்க வீடு மாதிரி நெனச்சுக்கோங்க" என்றார். விருந்தாளியும் அப்படியே நினைத்துக்கொண்டார். சாப்பிட்டுக் கை கழுவினார், வாசலைப் பார்த்தார், "இந்தக் கதவைக் கழட்டி இழைக்கக் குடுக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன்" என்று அரண்மனைக் கதவைப் பெயர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அறுந்தது உறவு. யாரும் கோட்டைத் தாண்டக்கூடாது, அந்த நாட்டோடு பேச்சுவார்த்தையே கிடையாது என்று உத்தரவு வந்துவிட்டது.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவன் பூவராகன். நாட்டுக் கபடி அணியின் தலைவன். ஒரே மூச்சில் ஊர்க்குளத்தை முங்கிக் கடக்கிற ஆள். அவன் பெண்டாட்டி செங்கமலம் பூசணிப்பாளையத்துப் பெண். அக்கா மகளுக்குக் காதுகுத்து என்று அங்கே போனாள். மறுநாள் கோடு மூடிவிட்டது. அவள் அம்மா வீடு கோட்டிலிருந்து கூப்பிடு தூரந்தான். ஆனால் கூப்பிடக்கூடாதே!

தினமும் சாயந்தரம் இவன் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நிற்பான். அவள் மொட்டைமாடியில் துணி எடுக்கிற சாக்கில் வந்து நிற்பாள். துணியே துவைக்காத நாளிலும் வருவாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். ஒருதரம் பூவராகன் தும்மிவிட்டான். அது பேச்சில் சேருமா சேராதா என்று அரண்மனையில் மூன்று நாள் விசாரணை நடந்தது. பாவம், மனுஷன் உருகிப்போனான். அவளோடு ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

கதவில்லாத அரண்மனைக்குள் தெருநாய் வந்து சிம்மாசனத்தில் படுக்க ஆரம்பித்த பிறகுதான் ராஜாவுக்கு உறவின் அருமை தெரிந்தது. "சமாதானமாப் போயிடலாம். ஆனா எப்படிக் கேக்குறது? பேசக்கூடாதுன்னு நானே உத்தரவு போட்டுட்டேனே" என்றார்.

"பேசக்கூடாதுன்னுதான் போட்டீங்க மகாராஜா, எழுதக்கூடாதுன்னு போடலையே" என்றார் மந்திரி அம்பலவாணர்.

சபையின் ஓரத்தில் நின்ற பூவராகன் தலையில் அடித்துக்கொண்டான். "அடப்பாவி, மூணு வருஷமா இது எனக்குத் தோணலையே! ஒரு கடுதாசி போட்டிருக்கலாமே!"

கடிதம் போனது. பதிலும் வந்தது: "முதலில் ஒரு கபடிப் போட்டி வைத்துக்கொள்வோம். அது நல்லபடியாக நடந்தால் கோட்டைத் திறந்துவிடலாம். கெட்டபடியாக நடந்தால் கோட்டின் மேல் சுவர் எழுப்பிவிடுவோம். ஆனால் ஒன்று. உங்கள் அணிக்கு முதலாளி உங்கள் படைத்தலைவர் இரும்பாண்டி. படைத்தலைவரின் ஆட்கள் எங்கள் நாட்டுக்குள் வந்தால் அது கபடியா, படையெடுப்பா? எந்தப் பக்கமும் சாயாத ஒருவரை முதலாளியாகப் போடவும்."

சுவர் என்று கேட்டதும் பூவராகன் கோட்டுக்கு ஓடிப்போய் ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். சுவர் வந்தால் மொட்டைமாடியும் தெரியாது.

இரும்பாண்டி துள்ளிக் குதித்தார். "அணியை விடமாட்டேன்! ஏழு பேருக்கும் டவுசர் தைச்சுக் குடுத்தது நான். ஜெயிச்சா என் பேரு, தோத்தா அவங்க பேருன்னு எவ்வளவு ஒழுங்கா நடத்திட்டு வர்றேன்! அணி போச்சுன்னா நாளைக்கு ஊர்வலத்துல எனக்கு யாரு கோஷம் போடுவா?"

"கோஷம் அப்புறம். எந்தப் பக்கமும் சாயாத ஆளை மொதல்ல கண்டுபிடிங்க" என்றார் ராஜா.

மந்திரி அம்பலவாணர் கடைத்தெருவில் நின்று வருகிறவர் போகிறவரையெல்லாம் தள்ளிப் பார்த்தார். எண்ணெய்க்கடைக்காரர் இடது பக்கம் சாய்ந்தார். ஜோசியர் வலது பக்கம் சாய்ந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பின்பக்கமாகச் சாய்ந்து சாக்கடையில் விழுந்தார். நாடே சாய்ந்தது. கடைசியில் அரண்மனைச் சமையல்கட்டில் மந்திரியே கால் தடுக்கி ஓர் உரல்மேல் மோதினார். மந்திரி சாய்ந்தார், உரல் சாயவில்லை.

"உரல் எப்படிங்க முதலாளியா இருக்கும்?" என்று பூவராகன் மெதுவாகக் கேட்டான்.

"ஏன் இருக்காது? முந்தின முதலாளி மட்டும் களத்துல எறங்கி ஓடினாரா? அவரும் உக்காந்த எடத்துலயேதானே இருந்தாரு" என்றார் மந்திரி.

"அந்த உரலை நான் சாய்ச்சுக் காட்டுறேன்" என்று இரும்பாண்டி வரிந்து கட்டிக்கொண்டு பாய்ந்தார். இடுப்பு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். அவரை நாலு பேர் வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள். உரலுக்குப் பட்டு சாத்தி அணியை அதன் பேருக்கு எழுதிவைத்தார்கள்.

போட்டி அன்று காலையில் ராஜா ஏழு வீரர்களையும் வரிசையில் நிறுத்திப் புத்தி சொன்னார். "ரெண்டு நாட்டு விவகாரம், பாத்து நடந்துக்கோங்க. எதுலயும் பட்டும் படாம இருங்க. யாருக்கும் பிடி குடுக்காதீங்க. முக்கியமா, யார் காலையும் வாரிடாதீங்க." சொல்லிவிட்டு அவர் நாயை விரட்டப் போய்விட்டார்.

வீரர்கள் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

"காலை வாரக்கூடாதுன்னா, அவன் பாடி வரும்போது எதைத்தான் பிடிக்கிறது?" என்றான் மூத்த ஆட்டக்காரன் ஒச்சப்பன்.

"எதையும் பிடிக்க வேணாம். வந்தவனை உக்காரவச்சு மோர் குடுப்போம்" என்றான் ஒருத்தன்.

"பட்டும் படாமன்னா?"

"ஒரு விரலால தொட்டுட்டு உடனே மன்னிப்புக் கேட்டுடணும்."

பூவராகன் மட்டும் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். அவன் வேறு கணக்குப் போட்டு வைத்திருந்தான். பாடிப் போகிறவன் எதிராளியிடம் பிடிபட்டால், ஆட்டம் முடிகிற வரைக்கும் அந்த நாட்டிலேயே உட்கார வேண்டும் என்பது பேசிவைத்த விதி. பிடிபட்டால் செங்கமலத்தோடு ஆற அமரப் பேசலாம். இப்போது பிடி கொடுக்காதே என்கிறாரே ராஜா! சரி, நாம் கொடுக்காவிட்டாலும் அவர்களாகப் பிடிக்காமலா போய்விடுவார்கள் என்று மனசைத் தேற்றிக்கொண்டான். அந்த நினைப்பிலும் மண் விழுந்தது. "விருந்தாளி மேல எவனாவது கை வச்சீங்க, தொலைச்சுப்புடுவேன். அவனோட தோளோடு தோள் உரசி நிக்கணும், தெரிஞ்சுதா?" என்று பூசணிப்பாளையத்து ராஜாவும் தன் ஜனத்திடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

திடலில் களம் போட்டவர்களிடம் எல்லைத் தகராறே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பக்கக் கோடும் போடவில்லை, பின்கோடும் போடவில்லை. நாட்டு எல்லையான சுண்ணாம்புக் கோடே நடுக்கோடு. அதற்கு இந்தப் பக்கம் மண்டபக்குறிச்சி முழுக்கக் களம், அந்தப் பக்கம் பூசணிப்பாளையம் முழுக்கக் களம்.

முதலில் இரண்டு அணி முதலாளிகளும் கை குலுக்க வேண்டும். நம்ம முதலாளிக்குக் கை இல்லை. ஓடிப்போய் உலக்கையைக் கொண்டுவந்து உரலில் நட்டார்கள். பூசணிப்பாளையத்து முதலாளி அதைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "நல்ல உறுதியான மனுஷன், வெட்டிப் பேச்சு கிடையாது" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நடுவர் தாண்டவராயர் விசில் ஊதினார். பூவராகன் குலதெய்வத்தை நினைத்து நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, "கபடி கபடி கபடி" என்று கோட்டுக்கு வந்தான். அங்கே பூசணிப்பாளையத்து எல்லை அதிகாரி மேஜை போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நில்லுங்க. பேரு?"

"கபடி கபடி கபடி."

"ஒருதரம் சொன்னாப் போதும். தகப்பனார் பேரு?"

"கபடி கபடி."

"ஓகோ, தகப்பனார் பேரையே வச்சிருக்காங்களா. எதுக்காக வர்றீங்க?"

"கபடி கபடி."

"உங்களைப் பாக்கவே வர்றீங்களா? சரி, போங்க" என்று முத்திரை குத்தினார்.

பூவராகன் உள்ளே போனான். எதிரணி வீரர்கள் ஏழு பேரும் கையைக் கட்டிக்கொண்டு வழிவிட்டார்கள். அவன் ஒருத்தன் முன்னால் போய் ஏக்கத்தோடு நின்று பார்த்தான். "ஐயோ, நாங்க கை வைக்கமாட்டோம், பயப்படாதீங்க" என்றான் அவன். பூவராகன் இன்னும் நாலு எட்டு வைத்தான். பின்கோடு வரவில்லை. தெரு வந்தது. தெருவில் திரும்பினான். விசிலோடு தாண்டவராயர் பின்னாலேயே ஓடினார். மாமியார் வீட்டு வாசலும் வந்துவிட்டது.

"வாங்க மாப்ளே! எப்படி இருக்கீங்க?" என்றாள் மாமியார்.

"கபடி கபடி கபடி."

"அடியே செங்கமலம், ஓடி வா! மாப்பிள்ளைக்கு என்னமோ ஆயிட்டுது!"

செங்கமலம் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். மூன்று வருஷம் கழித்துக் கிட்டத்தில் பார்க்கிறாள். கண்ணு கலங்கிவிட்டது. "வந்துட்டீங்களா?" என்றாள்.

"கபடி கபடி" என்றான் பூவராகன்.

"மூணு வருஷமாக் கல்லு மாதிரி நின்னீங்க. ஒரு கடுதாசி போடத் தோணல. இப்ப நேர்ல வந்தும் என்கிட்டச் சொல்ல வேற வார்த்தையே இல்லையா உங்களுக்கு?"

"கபடி கபடி கபடி." அவன் கண்ணிலிருந்து தாரை தாரையாகத் தண்ணீர் வழிந்தது. மூக்கு ஒழுகியது. வாய் மட்டும் நிற்கவில்லை.

மூச்சை விட்டாலே பிடிபட்ட மாதிரிதானே, அங்கேயே உட்கார்ந்து அவளோடு பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அது அவனுக்குத் தோன்றியது, போட்டி முடிந்து பத்து நாள் கழித்து.

அவன் அழுவதைப் பார்த்ததும் செங்கமலத்தின் கோபம் எங்கேயோ போய்விட்டது. "சரி விடுங்க, அழாதீங்க. ஒடம்பு இப்படித் துரும்பாப் போயிட்டுதே. சாப்பிட்டீங்களா?"

"கபடி" என்று தலையை ஆட்டினான். மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. இனிமேல் ஒரு நிமிஷங்கூட நிற்க முடியாது. கையை நீட்டி அவள் கன்னத்தைத் தொட்டான். ஆசையாகத் தொட்டான். அவ்வளவுதான், திரும்பி ஓட்டம் பிடித்தான்.

தாண்டவராயர் விசிலை ஊதினார். "தொட்டாச்சு! அவன் கோட்டைச் சேர்ந்தா இந்தம்மா அவுட்!"

தெருவிலோ அதற்குள் நாடே திரண்டு நின்றது. தோளோடு தோள் உரச வேண்டும் என்று ராஜா சொல்லியிருக்கிறாரே! குறுகலான தெருவின் இரண்டு பக்கமும் கிழவர், குமரர், கைக்குழந்தைக்காரிகள், எதிரணி வீரர்கள் எல்லாரும் தோளை நீட்டிக்கொண்டு நின்றார்கள். பூவராகன் ஓட ஓட, ஆளாளுக்கு மரியாதையாக ஒரு உரசு. மாமியாரும் ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டாள். மேஜையை விட்டு எழுந்து வந்து எல்லை அதிகாரியும் ஒரு உரசு உரசினார். கடைசித் தோள் ராஜாவுடையது. அதையும் இடித்துவிட்டுக் "கபடீ" என்று கோட்டைத் தாண்டி மண்ணில் குப்புற விழுந்தான்.

தாண்டவராயர் விரல்விட்டு எண்ணினார். எண்ணிக்கை விரலில் அடங்கவில்லை. "இருநூத்திப் பதினொண்ணும் அவுட்! அவுட்டானவங்க எல்லாரும் களத்தை விட்டு வெளியேறணும்."

"களம்னா எங்க நாடு மொத்தமும்ல?" என்றார் எல்லை அதிகாரி.

"ஆமா. சட்டம் சட்டந்தான்."

அதிகாரி ஒவ்வொருவருக்காக உத்தரவு எழுதினார்: கபடி மகன் கபடி என்பவர் தொட்டுவிட்ட காரணத்தால் நீங்கள் நாட்டை விட்டு வெளியேற வேண்டியது. கடைசிச் சீட்டைத் தனக்கே எழுதிக்கொண்டு, மேஜையையும் தூக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். மாமியார் வந்தாள். ராஜா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் முன்னால் செங்கமலம் வந்தாள்.

மண்ணில் கிடந்த பூவராகன் மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தான். "செங்கமலம்!" என்றான். மூன்று வருஷம் நெஞ்சுக்குள் வைத்திருந்த ஒரு வார்த்தை அதுதான். அவள் சிரித்துக்கொண்டே அவன் முகத்து மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

அப்போது தாண்டவராயர் மறுபடி விசில் ஊதினார். "அடுத்தது பூசணிப்பாளையத்து முறை. அங்கேருந்து ஆள் பாடி வரணும். எல்லாரும் உஷார்!"

ராஜா மகுடேஸ்வரர் பதறிப்போனார். "எதிரி எத்தனை பேரு இருக்காங்கன்னே தெரியலையே! கையைக் கோத்துக்கோங்க எல்லாரும்!" இந்த நாட்டு ஜனம், அந்த நாட்டு ஜனம், இரண்டு ராஜாக்கள், இரண்டு மந்திரிகள் எல்லாரும் கை கோத்துத் திடலின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் சங்கிலியாக நின்றார்கள். இரும்பாண்டியைக்கூடக் கட்டிலோடு தூக்கிவந்து நடுவில் சேர்த்துக்கொண்டார்கள். பூவராகன் செங்கமலத்தின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

நெடுநேரம் ஆயிற்று. கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை.

"பயந்துட்டானுங்க போல" என்றார் பூசணிப்பாளையத்து ராஜா, எட்டிப் பார்த்து. "எனக்கு அந்த ஊர்க்காரனுங்களை நல்லாத் தெரியும். நாம அசந்த நேரம் பாத்துத்தான் வருவானுங்க. கையை மட்டும் யாரும் விட்டுடாதீங்க."

"நான் எதுக்கு விடுறேன்?" என்றாள் செங்கமலம். "வரட்டும் எவனாயிருந்தாலும். மொதக் காலு எனக்கு."