சத்தமாய் வைத்த பாட்டு

ஜெர்மனியில் டோர்ட்முண்ட் நகரத்து மாடிவீடு ஒன்றில் தவமணி என்ற தாய் மகனோடும் மருமகளோடும் இருந்தாள். விளக்கேற்றிக் கும்பிடாமல் தேத்தண்ணி குடிக்க மாட்டாள். அவள் வைக்கும் கந்தன் பாட்டு அவள் காதுக்கு மட்டுமே எட்டும். ஆனால் மகன் சுதர்சன் மனைவியை அடிக்கும் சத்தம் அறைக்குள் எழுந்தால், எழுந்து போய் அந்தப் பாட்டின் சத்தத்தைக் கூட்டி வைப்பாள். அயலுக்குக் கேட்கக் கூடாதல்லவா?

ஒரு சனிக்கிழமை காலை மருமகள் மதிவதனிக்குக் கடிதம் வந்தது. பஸ் ஓட்டும் பயிற்சிக்கு எடுத்திருக்கிறார்கள். "ஆரைக் கேட்டு எழுதிப் போட்டனீ?" என்றான் சுதர்சன். பாட்டு கூடியது.

கொஞ்ச நேரத்தில் வாசலில் பொலிஸ்காரி. கூப்பிட்டவள் கீழ்வீட்டு எல்கே. என்ன நடந்தது என்று பொலிஸ்காரி கேட்டதை, அவள் கைபேசியில் ஒருவர் தமிழில் மொழிபெயர்த்தார்.

மதிவதனி மாமியாரை ஒருதரம் பார்த்துவிட்டு, உதட்டு ரத்தத்தைத் துடைத்தாள். "வழுக்கி விழுந்திட்டன்."

தவமணியோ அதற்குள் மருமகளின் துணிகளைப் பையில் அடுக்கிவிட்டாள். "ரெண்டு நாள் அக்கா வீட்டை இருந்திட்டு வா பிள்ளை. அவன்ர கோவம் ஆறட்டும்." தவமணி இளமையில் புருஷனிடம் அடிவாங்கிய நாட்களில் அவளுக்கும் இப்படித்தான் பை கட்டிக் கொடுத்தார்கள்.

பொலிஸ்காரி பையைப் பார்த்தாள். "இங்கே சட்டம் வேறு, அம்மா. அடித்தவர்தான் வெளியே போக வேண்டும். அடிபட்டவர் வீட்டில் இருப்பார். நீங்கள் சொல்லுங்கள், இவள் விழுந்தாளா?"

தவமணி சாமிப் படத்தைப் பார்த்தாள். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போய் நிறுத்தினாள்.

"விழேல்லை. அவன்தான் அடிச்சவன். இண்டைக்கு மட்டுமில்லை."

பையைக் கவிழ்த்து, மகனின் சட்டைகளை மடித்து வைத்தாள்.

"அம்மா, நீங்களும் பொலிசோட சேர்ந்திட்டீங்களோ?"

"இப்பதான் ராசா சேர்ந்தனான். இவ்வளவு நாளும் உன்னோடதானே சேர்ந்திருந்தன்."

படியில் நின்ற எல்கே பொலிஸ்காரியிடம் சொன்னாள்: "அந்தப் பாட்டு பெரிதாய்க் கேட்டால், மறுநாள் அந்தப் பெண் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் இறங்குவாள்."

சொல்லுங்கள். அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிட்டவள் எல்கே. பொய் சொன்னவள் மதிவதனி. பெற்ற மகனையே காட்டிக் கொடுத்தவள் தவமணி. இதில் யார் செய்தது சரி? யாருக்குப் பாவம்?

விடை: எல்கே செய்தது சரி. மதிவதனியின் பொய்யில் பாவமில்லை. மாமியின் முகத்தைப் பார்த்துப் பயந்து சொன்ன பொய் அது. தவமணி சொன்ன உண்மையும் சரிதான், ஆனால் அது ஒரு நாள் உண்மை. பாட்டைக் கூட்டி வைத்ததோ எத்தனையோ நாள். ஐரோப்பாவில் நாட்டுக்கு நாடு மனைவியை அடிப்பதற்கு எதிரான சட்டத்தை இறுக்கி வருகிறார்கள், நல்லது. ஆனால் வீட்டுக்குள்ளே இருப்பவர்களே சத்தத்தை மூடினால் சட்டத்துக்கு எப்படிக் கேட்கும்? பிள்ளை பெற்ற எனக்கும் இதை எழுதக் கை கூசுகிறது. தவமணி இப்போதும் விளக்கேற்றுகிறாள். பாட்டுப் போட மட்டும் அவளுக்குக் கை வருவதில்லை.