தேதி இல்லாத நீல அங்கி

கேட்டுக்கொண்டே வாருங்கள். நடுவில் யார் மேலாவது கோபம் வந்தால் உடனே கொட்டிவிட வேண்டாம், கொஞ்சம் அடக்கி வையுங்கள். அது யாருக்குச் சேர வேண்டும் என்று கடைசியில் உங்களைத்தான் கேட்கப் போகிறேன்.

டோக்கியோ நகரத்துக்கு எடோ என்று பெயர் இருந்த காலம். அங்கே உமேஜிரோ என்று ஒரு கபுகி நடிகன் இருந்தான். கபுகி நாடகத்தில் பெண் வேடமும் ஆண்களுக்குத்தான். அவன் மகனைப் பறிகொடுத்த தாயாக வந்து அழுதால், அரங்கில் உட்கார்ந்திருக்கும் மீன்காரனும் மூக்கைச் சிந்துவான். கைதட்டல் குறைந்த நாளில் உமேஜிரோவுக்குச் சோறு இறங்காது. நடிகர்களின் உருவத்தை மரக்கட்டையில் செதுக்கி, மை தடவித் தாளில் அச்சடித்து விற்பது அந்த ஊர் வழக்கம். புது வேடம் கட்டினால் புதுப் படம் வரும்.

அவன் மனைவி ஒகினு தொலைவில் ஒரு துறைமுக ஊரில் துணி தைத்துப் பிழைத்தாள். "கதாநாயகி வேடம் கிடைக்கட்டும், வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லியிருந்தான். மகாராஜன் ஒரு கடிதம் போட மாட்டான். ஒருமுறை அவள் குறைப்பட்டுக்கொண்டபோது, "கடிதம் எதுக்கு? என் படம்தான் உன்னைத் தேடி வருதே. அதைப் பார்த்துத் தெரிஞ்சுக்கோ" என்று சிரித்தான்.

அவளும் அப்படியே பழகிக்கொண்டாள். படம் விற்பவன் வந்தால் ஊசியைப் போட்டுவிட்டு ஓடுவாள். படத்தில் கன்னம் ஒட்டியிருந்தால் சரியாகச் சாப்பிடவில்லை போலும் என்று கவலைப்படுவாள். கன்னம் ஒட்டியது வரைந்தவனின் தூரிகையால் என்று அவளுக்கு யார் சொல்வது?

நடிகன் இறந்தால் அதற்கும் ஒரு படம் உண்டு. வெளிர்நீல அங்கி, கையில் ஜெபமாலை, ஓரத்தில் இறந்த தேதி. முதலில் விற்கும் கடைக்குத்தான் கூட்டம் சேரும். அதனால் ஒரு நடிகன் சேர்ந்தாற்போல் இருமினாலே பதிப்பாளர்கள் கட்டையைத் தயாராக வைத்துவிடுவார்கள்.

ஒரு குளிர்காலத்தில் உமேஜிரோ காய்ச்சலில் படுத்தான். கான்பெய் என்ற பதிப்பாளர் உடனே படம் வரையச் சொல்லி, செதுக்குபவர் தோகுசோவிடம் கொடுத்தார். தோகுசோ எல்லாவற்றையும் செதுக்கினார். தேதி வரவேண்டிய இடத்தை மட்டும் சதுரமாகக் குடைந்து காலியாக விட்டார். எழுத்து வெட்டிய சிறு துண்டைப் பிறகு அதில் பொருத்திவிடலாம்.

"உயிரோட இருக்கிற மனுஷனுக்குத் தேதி வெட்ட மாட்டேன், முதலாளி. அப்படி ஒண்ணு நடந்தா அப்போ சொல்லுங்க" என்றார்.

மறுவாரம் நாடகக் கொட்டகை வாசலில் உமேஜிரோவின் பெயர்ப் பலகை இல்லை. மழையில் வண்ணம் போனதால் இறக்கியிருந்தார்கள். ஆனால் நடிகன் செத்தாலும் அதே பலகையைத்தான் இறக்குவார்கள். கான்பெய் பார்த்தார், பதறினார், தோகுசோவுக்கு ஆள் அனுப்பக்கூடப் பொறுக்கவில்லை. தேதி இல்லாமலே படத்தை அச்சடித்து அன்று மாலைக்குள் தெருவெங்கும் விற்றுவிட்டார்.

உமேஜிரோவுக்கு அப்போது காய்ச்சல் விட்டிருந்தது. மாடியில் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் தெருவில் அழுகை கேட்டு ஜன்னல் தட்டியின் இடுக்கில் பார்த்தான். பெண்கள் அவன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதார்கள். அவன் எத்தனையோ பேரை அழவைத்தவன்தான். ஆனால் அவனுக்காகவே யாரும் அழுததில்லை. கொட்டகை முதலாளி ஓடிவந்து, "இப்படியே ஒளிஞ்சிரு. வசந்தத்துல செத்தவன் எழுந்து வந்தா ஊரே திரளும். கதாநாயகி வேடம் உனக்குத்தான்" என்றார். உமேஜிரோ தலையாட்டினான். துறைமுகத்துக்குத் தபால் கொண்டுபோகிறவன் தினமும் அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ஓடினான். பார்க்கும்போதெல்லாம் ஒகினுவின் நினைப்பு வந்தது. நேரில் போய் நின்றால் எவ்வளவு சந்தோஷப்படுவாள் என்று எண்ணிக்கொண்டு மறுபடி அழுகையைக் கேட்கத் தொடங்கினான்.

படம் துறைமுகத்துக்கும் போயிற்று. ஒகினு நீல அங்கியைப் பார்த்தாள். வேறெதையும் பார்க்கவில்லை. துணி வெட்டும் கத்தரியாலேயே தலைமுடியை வெட்டிக்கொண்டு மலைமேலிருந்த மடத்தில் துறவியாகச் சேர்ந்தாள்.

வசந்தத்தில் ஊர் திரண்டது, கொட்டகை அதிர்ந்தது. உமேஜிரோ சொன்ன சொல்லைக் காப்பாற்ற அவளைக் கூட்டிப்போக வந்தான். விஷயம் தெரிந்து மடத்து வாசலில் நின்றான்.

மடத்துத் தலைவி நல்ல மனுஷி. "நடக்காத சாவுக்கு எடுத்த விரதம் உன்னைக் கட்டாதும்மா. போகணும்னா தாராளமாப் போ" என்றாள்.

ஒகினு வாசல்வரை வந்தாள். அவன் முகத்தை ஆசைதீரப் பார்த்தாள்.

"அந்தப் படத்தை நீங்க எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டாள்.

"வந்த அன்னைக்கே" என்றான்.

அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள்.

செய்தி எடோவுக்கு வந்தபோது கான்பெய் கடையைச் சாத்திவிட்டு அழுதார். உயிருள்ளவனுக்குக் கட்டை செதுக்கிய கை இதுதானே என்று தோகுசோ பல நாள் உளியைத் தொடவில்லை. தேதி இல்லாததைக் கவனிக்காமல் போனோமே என்று ஒகினுவும் தன்னை நொந்துகொண்டாள்.

இப்போது சொல்லுங்கள்: பலகையைப் பார்த்து ஏமாந்த கான்பெய்யா, கட்டை செதுக்கிய தோகுசோவா, தேதியைப் பார்க்காத ஒகினுவா, ஜன்னலுக்குள் இருந்த உமேஜிரோவா? அந்தக் குடும்பத்தைக் கலைத்தது யார்?

உமேஜிரோதான். கான்பெய் அவசரக்காரர், ஆனால் தான் விற்றதை உண்மை என்று நம்பினார். தோகுசோ பொய்க்கு இடம் கொடுக்காமல்தான் அந்த இடத்தைக் குடைந்து விட்டார். படத்தைப் பார்த்துத் தெரிந்துகொள் என்று புருஷன் சொன்னதை நம்பியவள் ஒகினு. இந்த நாலு பேரில் அது பொய் என்பது உமேஜிரோவுக்கு மட்டுமே அன்றே தெரியும். ஒரு வரி எழுதிக் கீழே போட்டிருந்தால் போதும். பல வருஷம் கழித்து அவன் நிஜமாகவே இறந்தான். தோகுசோ அந்தப் பழைய கட்டையைத் தேடியெடுத்து, தேதியை வெட்டிப் பொருத்தி, முதல் பிரதியை மடத்துக்கு அனுப்பினார். ஒகினு இந்தத் தடவை முதலில் தேதியைத்தான் தேடினாள். இருந்தது. அதன் பிறகுதான் அழுதாள்.