நாற்பதாவது பாளம்

முத்துவிசய மகாராஜாவுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. பந்தியில் உட்கார்ந்தால் அப்பளத்தை எண்ணுவார். கொட்டாரத்துக்குப் போனால் யானைகளை எண்ணிவிட்டு, வால்களையும் தனியாக எண்ணிச் சரிபார்ப்பார். எல்லாம் அவருடைய தாத்தா செய்த வேலை. "எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு" என்று அந்த மனிதர் அரண்மனைச் சாமான்களை வைக்கும் உக்கிராணத்தின் வாசலில் கல்லிலேயே வெட்டிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். தராசெல்லாம் கடைத்தெருவோடு சரி. அரண்மனைக்குள் அதற்கு இடமே கிடையாது.

அந்த ராஜா கோயிலுக்கு ஒரு பெரிய மணி வார்க்க ஆசைப்பட்டார். மணிக்கு வெண்கலம் வேண்டும். வெண்கலத்துக்குச் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்து உருகவேண்டும். வெண்கலம் வார்க்கும் கன்னார் சிற்றம்பலத்தைக் கூப்பிட்டு, முப்பத்திரண்டு செம்புப் பாளங்களையும் எட்டு ஈயப் பாளங்களையும் எண்ணிக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, செங்கல் மாதிரி.

"ரெண்டையும் உருக்கிக் கலந்து, இதே அச்சுல வெண்கலப் பாளமா வார்த்துக் கொண்டா. எண்ணிப் பார்த்த பிறகுதான் மணி" என்றார் ராஜா.

சிற்றம்பலம் நல்ல கைகாரன். பத்தே நாளில் வார்த்து, வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான். உக்கிராண அதிகாரி அகிலாண்டம் பிள்ளை எண்ணினார். மறுபடியும் எண்ணினார். முப்பத்தொன்பதுதான் இருந்தது!

பிள்ளைக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். காரணம் இருக்கிறது. "இந்தச் சரக்குலயே என் மக கல்யாணத்துக்கு ஒரு அண்டா வார்த்துக் கொடுத்துடு" என்று அவர் ரகசியமாகக் கேட்டிருந்தார். சிற்றம்பலம் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டான். அந்தக் கோபம் அவர் வயிற்றில் பத்து நாளாகப் புகைந்துகொண்டிருந்தது.

நேரே சபைக்கு ஓடினார். "மகாராஜா! நாற்பது போச்சு, முப்பத்தொன்பது வந்துது. ஒண்ணைக் கன்னான் முழுங்கிட்டான்!"

சிற்றம்பலம் தரையில் விழுந்தான். "சாமி சத்தியமா இல்லீங்க! ரெண்டையும் சேர்த்து வார்த்தா இப்படித்தான் குறையுது. எங்கப்பன் காலத்துலயும் இப்படித்தான். ஏன்னு சொல்ல எனக்குத் தெரியலீங்க. நிறுத்துப் பாருங்க, எடை குறையாது!"

"தராசா? என் தாத்தா சட்டத்தையே மாத்தச் சொல்றியா?" ராஜாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. "பொழுது சாயறதுக்குள்ள நாற்பதாவது பாளம் இங்க வரணும். வரலேன்னா, உன் வலது கையை வெட்டச் சொல்லிடுவேன்!"

பாவம், அவன் என்ன செய்வான்? கொண்டுவந்தால் திருடன் என்று ஆகிவிடும். கொண்டுவராவிட்டால் கை போய்விடும். கன்னானுக்குக் கை போனால் வேறென்ன இருக்கிறது? குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அப்போது அரசவை விகடன் வேம்பப்பன் சாவகாசமாக எழுந்து ஒரு கொட்டாவி விட்டான்.

"மகாராஜா, தண்டனை மெதுவா நடக்கட்டும். எனக்கு இப்போ உக்கிராணத்துலேருந்து ஒரு படி கொண்டைக்கடலையும் ஒரு படி கடுகும் வேணும். எங்க வீட்டுக்காரி காத்துக்கிட்டிருக்கா."

"இந்த நேரத்திலயா?"

"அவ கோபம் உங்க கோபத்தைவிடப் பெரிசு, மகாராஜா. அதோட, பிள்ளைவாள் கையாலதான் அளக்கணும். வேற யாரை நம்பறது?"

பிள்ளைக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டையும் சபைக்கு வரவழைத்து, தலைதட்டி அளந்தார். "கடலை ஒண்ணு, கடுகு ஒண்ணு. ஆக ரெண்டு படி!"

"பை ஒண்ணுதான் இருக்கு. ஒரே தாம்பாளத்துல கொட்டி நீங்களே கலந்துடுங்க."

பிள்ளை கொட்டினார். இரண்டு கையாலும் நன்றாகக் கலந்தார்.

"இப்போ திருப்பி அளந்து பையில போடுங்க. எண்ணிக் கொடு, எண்ணி வாங்கு. தாத்தா சட்டமாச்சே!"

முதல் படி நிறைந்தது. இரண்டாவது படி பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது. பிள்ளை தாம்பாளத்தை நகத்தால் சுரண்டினார். ஒரு கடுகுகூட மிச்சமில்லை.

வேம்பப்பன் தலையில் அடித்துக்கொண்டான். "அநியாயம் மகாராஜா! பட்டப்பகல்ல, உங்க கண்ணெதிர்ல, கிட்டத்தட்ட அரைப்படி களவு போச்சு! தொட்டது பிள்ளைவாள் கை மட்டும்தான்!"

எண்ணிக்கை குறைந்தால் ராஜாவுக்கு யார் எவர் என்று தெரியாது. அவர் கண் நேராகப் பிள்ளையின் வலது கையில் போய் நின்றது. "அரைப்படி எங்கே?"

பிள்ளை அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். "ஐயோ மகாராஜா! யாரும் எடுக்கலே! கடலைக்கு நடுவுல சந்து இருக்கு. கடுகு அதுக்குள்ள புகுந்துக்கிடுச்சு! பொருள் எங்கயும் போகலே, இடந்தான் குறைஞ்சுது. வேணும்னா நிறுத்துப் பாருங்க!"

சிற்றம்பலம் அழுகையை நிறுத்தி மெல்லத் தலை நிமிர்ந்தான்.

"எதுல நிறுக்கறது, பிள்ளைவாள்?" என்று வேம்பப்பன் பணிவாகக் கேட்டான்.

"தராசுலதான்யா!" என்று கத்தினார் பிள்ளை. கத்திய பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கடைத்தெருவிலிருந்து தராசு வந்தது. உக்கிராணத்தில் மிச்சமிருந்த அதே அச்சுப் பாளங்களில் முப்பத்திரண்டு செம்பும் எட்டு ஈயமும் ஒரு பக்கம் ஏறின. சிற்றம்பலத்தின் முப்பத்தொன்பதும், உலையில் ஒதுங்கி அவன் வண்டியிலேயே கிடந்த கசடு கொஞ்சமும் மறுபக்கம் ஏறின. முள் நட்டநடுவில் நின்றது.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். சிற்றம்பலத்துக்குப் பட்டுச் சால்வை போர்த்தி, மணி வார்க்கும் வேலையையும் கொடுத்தார். பிள்ளைக்கும் ஒரு வேலை கொடுத்தார். கடலையையும் கடுகையும் பிரித்து, கடுகு மொத்தம் எத்தனை என்று எண்ணிச் சொல்லவேண்டும்!

பிறகு தன் முத்துமாலையைக் கழற்றி வேம்பப்பன் கழுத்தில் போட்டார். "ஏண்டா, நீ உலைப்பக்கமே போகாதவன். ஈயம் செம்புக்குள்ள புகுந்துக்கும்ங்கிற சூட்சுமம் உனக்கு எப்படிடா தெரிஞ்சுது?"

"அது எனக்கு இப்பவும் தெரியாது, மகாராஜா" என்றான் வேம்பப்பன். "அடுத்தவன் கை போறப்போ திருட்டுன்னு சொல்ற வாய், தன் கை போறப்போ காரணத்தைக் கண்டுபிடிச்சுடும். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."