படுத்துக்கொண்ட மாந்தோப்பு

முன்னொரு காலத்தில், மலையோரத்து நாடு ஒன்றை ஒரு ராஜா ஆண்டுவந்தார். மனிதர் நல்லவர்தான். வயிறு நிறைந்ததும் அவருக்கு ஏதாவது ஓர் ஆசை வந்துவிடும், அதுதான் ஊருக்குத் தொல்லை.

ஐப்பசி மழைக்குப் பிறகு ஒருநாள் அடிவாரத்துப் பக்கம் பல்லக்கில் போனவர், மேடு முழுவதும் பச்சைப்பசேல் என்று கிடப்பதைப் பார்த்தார். எல்லாம் கொழுக்கட்டைப் புல். அதில் மல்லக்காள் என்பவளும் அவளுடைய கூட்டத்தாரும் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஆடு ராஜாவின் கண்ணில் படவில்லை. "இங்கே ஒரு மாந்தோப்பு இருந்தால் நிழலில் தலையணை போட்டுப் படுக்கலாமே" என்றார்.

அரண்மனைத் தோட்டங்களுக்கு அதிகாரி தீர்த்தகிரி. மறுநாளே ஒரு குடம் நிறையச் செம்மண்ணோடு சபைக்கு வந்துவிட்டார்.

"அரசே, குடத்தின் அடிவரை கையை விட்டுப் பாருங்கள். ஒரே மண். அந்த மேட்டில் கல் என்ற பேச்சே இல்லை, மண்வெட்டி ஒன்றே போதும். ஆட்டுக்காரர்களைக் கிளப்பிவிட்டால் தோப்பு தயார்."

ராஜாவும் முழங்கை வரை விட்டுப் பார்த்துத் தலையாட்டினார். சபையில் இருந்த விகடகவி அம்பலவாணனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"குடம் ஆழமாகத்தான் இருக்கிறது, அரசே. மேடு அப்படியில்லை. அங்கே ஆடுதான் பிழைக்கும், மாமரம் பிழைக்காது."

தீர்த்தகிரிக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தாம் பாடுபட்டு வளர்த்த மாம்பழத்தைத் தின்றுகொண்டே ராஜா இவன் பேச்சுக்குச் சிரிப்பதை எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"அப்படியானால் விகடகவியே நட்டுக் காட்டட்டும், அரசே. அரண்மனை இளமரங்களைத் தருகிறேன். வரும் பௌர்ணமிக்குள் நடாவிட்டால் அவரும் ஆட்டுக்காரர்களோடு நாட்டை விட்டுப் போகட்டும்."

"நல்ல யோசனை" என்றார் ராஜா. "அம்பலவாணா, மண்வெட்டி தவிர வேறு கருவி கூடாது. வெளியிலிருந்து ஒரு கூடை மண்ணும் கூடாது. ஒரு வேர்கூட வெளியே தெரியக் கூடாது."

நட்டால் ஆட்டுக்காரர்களுக்கு மேய்ச்சல் போயிற்று. நடாவிட்டால் அதுவும் போயிற்று, அவன் பிழைப்பும் போயிற்று. அம்பலவாணன் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மேட்டுக்கு நடந்தான்.

அங்கே மல்லக்காள் ஆட்டுக்கிடையைச் சுற்றி மூங்கில் படல்களை நிறுத்திக்கொண்டிருந்தாள். மற்ற ஊரில் முளை அடித்துக் கட்டுவார்கள். இவளோ ஒவ்வொரு படலுக்கும் கல்லை முட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"முளை அடிக்கக் கூடாதா, மல்லக்கா?"

"எங்க எறங்குது சாமி? ஒரு சாண் மண்ணு. அதுக்குக் கீழ பலகை பலகையா உரியிற கல்லு." பிறந்து இரண்டு நாளான குட்டி ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எங்களைப் போகச் சொல்லி ஆள் வந்துச்சு. பெரியாடு எப்படியோ நடந்துரும். இதுங்களை எங்க கொண்டுபோவேன், சொல்லுங்க."

அம்பலவாணன் மனசு கனத்துப் போய்ப் புல்லில் காலை நீட்டிப் படுத்தான். முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது. சட்டென்று எழுந்து உட்கார்ந்தான்.

"மல்லக்கா, இந்த மேட்டில் நிற்பதுதான் கஷ்டம், படுப்பது சுகம்" என்று சொல்லிவிட்டு அரண்மனைக்கு ஓடினான். மல்லக்காள் அவனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டதென்று நினைத்துக்கொண்டாள்.

பௌர்ணமியன்று ராஜா பரிவாரத்தோடு வந்தார். தலையணை தூக்க ஒரு சேவகன், விசிறிக்கு ஒருவன். மேட்டில் ஏறிப் பார்த்தால் ஒரு மரமும் நிற்கவில்லை. அத்தனை மாமரங்களும் வரிசையாகத் தரையில் படுத்துக்கிடந்தன. வேர்ப்பக்கம் மட்டும் நீளவாக்கில் மண் அணைத்திருந்தது.

"பார்த்தீர்களா அரசே, சோம்பேறித்தனத்தை" என்றார் தீர்த்தகிரி, முகமெல்லாம் மலர்ந்து.

"அம்பலவாணா, என்ன கூத்து இது?"

"தங்கள் கட்டளைதான், அரசே. ஆணிவேரை நேரே இறக்கினேன், கல் தடுத்தது. கல்லை உடைக்க எனக்குக் கடப்பாரை இல்லை. வேர் வெளியே தெரியவும் கூடாது. ஆகவே இன்று காலை வேரைப் படுக்க வைத்தேன், அதோடு மரமும் படுத்துவிட்டது. ஒரு வேர் வெளியே தெரிந்தாலும் என்னை நாடு கடத்துங்கள்."

ராஜா குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு வேரும் தெரியவில்லை.

"தீர்த்தகிரி, நீர் ஒரு குழி வெட்டும். குடத்து மண் எடுத்த இடத்திலேயே வெட்டும்."

தீர்த்தகிரிக்கு அந்த இடம் திடீரென்று மறந்துபோயிற்று. மல்லக்காள்தான் கையைக் காட்டினாள். அங்கே பத்து ஆடு படுக்கும் அகலத்துக்குத் தரை மொட்டையாக இருந்தது. கறுத்த கல் ஏடு ஏடாக வெயிலில் கிடந்தது.

"ஒரு குடத்துக்கு இவ்வளவு எடத்தைச் சொரண்டிட்டுப் போனாங்க மகாராஜா. சுத்தி எல்லாம் பச்சை, இங்க மட்டும் புல்லு மொளைக்கல. எங்க காலத்துக்குள்ள மொளைக்குமான்னு தெரியல."

தீர்த்தகிரி மண்வெட்டியை ஓங்கிப் போட்டார். அது கணீரென்று எகிறி அவர் கையிலிருந்தே நழுவிப் போயிற்று. ராஜா அந்த மொட்டைத் தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். தோப்புப் போட்டிருந்தால் மேடு முழுவதும் இப்படித்தான் ஆகியிருக்கும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. முகம் சுருங்கிவிட்டது.

"அரசே, தலையணை ஒன்றுதான் வந்திருக்கிறதா?" என்றான் அம்பலவாணன் மெதுவாக. "படுத்திருப்பவர்கள் நிறையப் பேர் ஆயிற்றே."

ராஜா மரங்களைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார். "நிழலில் படுக்க வந்தேன். எனக்கு முன்னால் இவை படுத்துவிட்டனவே" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரித்து ஓய்ந்ததும், மேடு என்றைக்கும் ஆடுகளுக்கே என்றார். மரங்களை வாடுமுன் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நட்டு, தம் கையாலேயே தண்ணீர் ஊற்றும் வேலை தீர்த்தகிரிக்கு வந்தது. அம்பலவாணனுக்கு ராஜா தம் கையிலிருந்த தங்கக் காப்பைக் கழற்றிப் போட்டார்.

தலையணையைக் கேட்டால் அது சேவகன் கையில் இல்லை. மல்லக்காளின் ஆட்டுக்குட்டி அதன்மேல் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பப் போன சேவகனை ராஜா கையமர்த்தி நிறுத்தினார்.