உப்புப் போடாத கை

விடிந்ததிலிருந்து மூன்றாவது தடவையாக வடிவு அதே கேள்வியைக் கேட்டாள்.

“மாஸ்டர், ருசி பாக்காம உப்பு சரியா இருக்குன்னு எப்படித் தெரியும்?”

முப்புடாதி வேப்பமரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“தெக்கு அடுப்புல விறகு வெளிய வந்து எரியுது, மதினி. உள்ள தள்ளுங்க.”

வடிவு ஓடிப்போய்த் தள்ளினாள். தள்ளிவிட்டு நின்றாள். கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

முப்புடாதிக்கு முப்பத்து மூன்று வயது. வடிவுக்கு நாற்பத்தைந்து. நாலு வருஷத்துக்கு முன்னால் வெற்றிலை பாக்கு வைத்து, எனக்குத் தொழில் சொல்லிக் கொடுங்க என்று வடிவுதான் போய் நின்றாள். தன்னைவிடச் சின்னவளை மாஸ்டர் என்று கூப்பிடுகிறாளே என்று தெருவில் சிரித்தார்கள். முப்புடாதி சிரிக்கவில்லை. அன்றைக்கே கரண்டியைக் கையில் கொடுத்தாள். ஆனால் மூத்தவளை மதினி என்று கூப்பிடுவதை மட்டும் விடவில்லை.

அவர்கள் ஐந்து பெண்கள். கல்யாணம், சடங்கு, கோயில் கொடைத் திருவிழா எதுவானாலும் போய்ச் சமைப்பார்கள். அண்டாவுக்கு ஒரு கைதான் உப்புப் போட வேண்டும் என்பது முப்புடாதியின் சட்டம். போட்டவள் அண்டாவின் விளிம்பில் மஞ்சளைத் தொட்டு ஒரு பொட்டு வைக்க வேண்டும். பொட்டு இருந்தால் வேறு யாரும் உப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகக்கூடாது. இந்த நாலு வருஷத்தில் வடிவு ஒரு பொட்டுகூட வைத்ததில்லை.

கல்யாணமாகிப் போன மூன்றாம் நாள் வடிவு வைத்த ரசம் உப்புக் கரித்துவிட்டது. விருந்துக்கு வந்திருந்த பெரியவர்கள் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். இவ கை உப்புக்கு ஆகாத கை என்று மாமியார் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் கொழுந்தன் பெண்டாட்டி உப்புப் போட்டாள், நாத்தனார் போட்டாள், பிறகு வடிவின் மகளே வளர்ந்து போட்டாள். வடிவு குழம்பைக் கூட்டி இறக்குவாள். உப்புக்கு மட்டும் ஆளைக் கூப்பிடுவாள். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு வடிவின் வீட்டுக்காரர் தட்டில் தானே போட்டுக்கொண்டார். அவரும் ஒன்றும் சொன்னதில்லை. சொல்லாமல் போட்டுக்கொண்டதுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது.

இன்றைக்குக் கூப்பிட ஆளில்லை.

அம்மன் கோயில் கொடையின் மதியப் படையல். படையல் முடிகிறவரைக்கும் யாரும் நாக்கில் வைக்கக்கூடாது. மற்ற விசேஷம் என்றால் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே அது ஆகாது. ஏழு மாசம் முடிந்த பிள்ளைத்தாச்சி படையல் அடுப்புப் பக்கம் வரக்கூடாது என்பதும் அந்த ஊர் வழக்கம். அடுப்புகளைச் சுற்றி மாவிலை கட்டிய கயிறு ஓடியது. முப்புடாதிக்கு ஏழு முடிந்து எட்டு நடக்கிறது. அவள் கயிற்றுக்கு வெளியே, வேப்பமரத்தடியில்.

காலையிலேயே கோயில் கமிட்டி நம்பிராஜன் அண்ணாச்சி வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடுத்த மாசத்திலிருந்து முப்புடாதி வரப்போவதில்லை. இன்றைக்குச் சாப்பாடு நல்லபடியாக அமைந்தால் இந்தச் சுற்றுவட்டாரக் கொடை எல்லாம் இவர்களுக்கே. அமையாவிட்டால் டவுனில் ஒரு மாஸ்டரிடம் பேசி வைத்திருக்கிறார்கள், அவர் தன் ஆட்களோடு வருவார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். முப்புடாதி அண்ணாச்சியிடம், இன்னைக்கு உப்பு மதினி கை என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அதிலிருந்து வடிவு ஓரிடத்தில் நிற்கவில்லை. கழுவின கரண்டியைத் திரும்பக் கழுவினாள். நன்றாக எரிகிற அடுப்பை ஊதினாள். கல்லுப்பை ஒரு சட்டியில் அள்ளினாள், திரும்ப மூட்டையில் கொட்டினாள். மறுபடி அள்ளினாள்.

“மதினி, உப்பை ஏன் தாலாட்டுதீங்க? அது தூங்காது” என்றாள் மாடத்தி. ஐந்து பேரில் அவள்தான் வாய்க்காரி.

வடிவு கயிற்றோரம் வந்தாள்.

“மாஸ்டர், அறுநூறு பேருக்கு எத்தனை படி உப்புன்னு மட்டும் சொல்லுங்க. அளந்து போட்டுருதேன்.”

“நான் என்னைக்காவது அளந்து பாத்திருக்கீங்களா?”

“அது உங்க கை.”

“ம்.”

“என் கை அப்படியில்ல. உங்களுக்கே தெரியும்.”

முப்புடாதி சீவின வாழைக்காயைத் தண்ணீரில் போட்டாள். அடுத்ததை எடுத்தாள்.

கோயில் பக்கம் மேளம் மாறி அடிக்கத் தொடங்கியது. பூசாரி ஆள் விட்டு, படையலுக்கு இன்னும் அரை மணி நேரம் என்று சொல்லச் சொன்னார். இரண்டு அண்டா சாம்பாரும் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தன. விளிம்பில் பொட்டு இல்லை. வடிவுக்கு உள்ளங்கை வேர்த்தது. முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையைப் பார்த்தாள். மாமியார் செத்துப் பதினொரு வருஷம் ஆகிறது. ஆனாலும் அந்தக் குரல் அடுப்புப் புகைக்குள்ளிருந்து வருகிற மாதிரியே இருந்தது.

“என்னால ஆகாது மாஸ்டர். ஊர்ச்சோறு இது. என் ஒருத்தியால எல்லார் பிழைப்பும் போயிரக்கூடாது. மாடத்தி போடட்டும்.”

முப்புடாதி கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள் என்று வடிவு நினைத்தாள்.

“சரி. மாடத்தி, நீ போடு.”

மாடத்தி ஒன்றும் யோசிக்கவில்லை. எப்போதும் இந்த அளவு அண்டாவுக்கு மாஸ்டர் இரண்டு கையும் சேர்த்து ஐந்து தடவை அள்ளிப் போடுவதைப் பார்த்திருக்கிறாள். அம்மனை ஒரு தடவை கும்பிட்டுவிட்டு அள்ளிப் போட்டாள். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவது அள்ளலோடு அண்டாவுக்கு மேலே கையைக் கொண்டுபோனாள்.

வடிவு பாய்ந்துபோய் அவள் இரண்டு மணிக்கட்டையும் பிடித்தாள்.

கல்லுப்பு நாலைந்து கீழே சிந்தியது. அடுப்பில் விழுந்து படபடவென்று வெடித்தது.

“எட்டி, போதும்.”

“என்னத்த போதும்? இன்னும் ரெண்டு இருக்கு.”

“போதுங்கேன்லா.”

கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து முப்புடாதி கேட்டாள்.

“ஏன் மதினி?”

வடிவு மாடத்தியின் கையை விடாமலே சொன்னாள். மூச்சு விடாமல், சண்டைக்காரி மாதிரி சொன்னாள். புளி இவர்கள் கொண்டு வந்தது இல்லை, ஊரில் வீட்டுக்கு வீடு கொடுத்தது. பாதிக்கு மேல் பழம்புளி, பானையில் உப்புப் போட்டு அடைத்து வைத்திருந்த புளி. காலையில் கரைக்கும்போதே நகக்கண் எரிந்தது. கரைத்த தண்ணீரிலேயே உப்புக் கிடக்கிறது. அதோடு இந்த அண்டாவில் காய் குறைச்சல், பூசணிக்காய் முக்கால்வாசி அடுத்த அண்டாவுக்குப் போய்விட்டது. இதற்கு ஐந்து போட்டால் யாரும் வாயில் வைக்க முடியாது.

சொல்லி முடித்தபிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. மற்ற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“பழம்புளின்னு எனக்குத் தெரியாது” என்றாள் முப்புடாதி. பிறகு, “இப்ப அவ கையில இருக்கறதை என்ன செய்யணும்?” என்றாள்.

வடிவு மாடத்தியின் கையைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள்.

“பாதி போடட்டும். மீதி வேண்டாம்.”

மாடத்தி பாதி போட்டாள். மீதியைச் சட்டியில் தட்டிவிட்டு, மஞ்சளைத் தொட்டு விளிம்பில் பொட்டு வைத்தாள். வைத்துவிட்டு அடுத்த அண்டாப் பக்கம் போகாமல் அம்மிக் கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

“என் கையைப் பிடிச்ச கையே இனிமே போடட்டும். எனக்கு மணிக்கட்டு வலிக்கு.”

வடிவு முப்புடாதியைப் பார்த்தாள். முப்புடாதி வாழைக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது அண்டாவுக்கு வடிவு போட்டாள். எத்தனை போட்டாள் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. அதில் பூசணி நிறைய, தண்ணீர் விடும் என்பது மட்டும் மனசில் ஓடியது. ரசத்துக்குப் போட்டாள். அவியலுக்குப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் பொட்டு வைத்தாள். கடைசிப் பொட்டு இழுத்துக்கொண்டு போய்க் கோடு மாதிரி ஆகிவிட்டது.

படையல் நடந்தது. தீபாராதனை காட்டினார்கள். பந்தி உட்கார்ந்தது.

வடிவு பரிமாறப் போகவில்லை. வாளியில்லாமல், வெறுங்கையோடு பந்திக்குப் பின்னால் நடந்தாள். யாராவது உப்பு கேட்கிறார்களா என்று காதை வைத்துக்கொண்டே போனாள். யாரும் கேட்கவில்லை. ஒரு கிழவர் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டார். சப்பென்று இருப்பதால்தான் நிறைய ஊற்றச் சொல்கிறார் என்று நினைத்தாள். ஒரு பெண் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்தாள். சாம்பார் கரித்ததால் சோற்றைத் தள்ளி வைத்துவிட்டாளோ என்று எட்டிப் பார்த்தாள். இலை காலியாக இருந்தது. அதுவும் அவளுக்குச் சமாதானமாக இல்லை. விரதம் இருந்த வயிறு, எதைப் போட்டாலும் இறங்கும். நம்பிராஜன் அண்ணாச்சி ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து, அடுத்த கொடைக்கும் நீங்களே வந்துருங்க என்றார். சாமி காரியத்தில் யாரையும் குறை சொல்ல வேண்டாம் என்று மரியாதைக்குச் சொல்கிறாரோ என்னவோ.

மூன்று பந்தி முடிந்தது. வடிவு ஒரு இலையில் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். முப்புடாதிக்கு முன்னால் இலையை வைத்துவிட்டு நின்றாள்.

“ஊர் சொல்லுததை நான் நம்பல மாஸ்டர். நீங்க சாப்பிட்டுச் சொல்லுங்க. நல்லா இருக்குன்னு உங்க வாய் சொன்னா நம்புதேன். இல்லன்னாலும் நம்புதேன்.”

முப்புடாதி சாப்பிட்டாள். அவசரமில்லாமல் சாப்பிட்டாள். சாம்பார்ச் சோறு, அவியல், ரசம். வடிவு ஒரு காலிலிருந்து மற்ற காலுக்கு மாறி மாறி நின்றாள். ரசத்தைக் கடைசிச் சொட்டுவரைக்கும் வழித்துவிட்டு முப்புடாதி நிமிர்ந்தாள்.

“எப்படி இருக்கு?”

“தெரியல மதினி.”

“விளையாடாதீங்க மாஸ்டர்.”

“இந்தப் பிள்ளை வயித்துல தங்கினதுலேர்ந்து என் நாக்குல ஒண்ணும் தெரியல. உப்பும் தெரியல, புளியும் தெரியல. எல்லாம் மண்ணு மாதிரி இருக்கு. வெளிய சொன்னா எவனும் வேலைக்குக் கூப்பிட மாட்டான். அதான் சொல்லல.”

வடிவுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சித்திரையில் நடந்த கல்யாணம். மேலத்தெரு சடங்கு. ஆயிரம் பேர் சாப்பிட்ட கும்பாபிஷேகம்.

“அப்ப அதுக்கெல்லாம் உப்பு?”

“உங்க உள்ளங்கையில ஒரு சொட்டு விடுவேன். நீங்க நக்கினதும் உங்க மூஞ்சியைப் பாப்பேன்.”

மேளக்காரர்கள் சாப்பிட உட்கார்ந்துவிட்டார்கள் போல. சத்தமே இல்லை. வடிவு நின்றுகொண்டே இருந்தாள்.

முப்புடாதி மரத்தில் சாய்த்து வைத்திருந்த இலைக்கட்டிலிருந்து ஒரு இலையை உருவி, தண்ணீர் தெளித்துத் தன் எதிரில் விரித்தாள்.

“நீங்க இன்னும் சாப்பிடல. உக்காருங்க மதினி. சாப்பிட்டுட்டு எப்படி இருக்குன்னு எனக்குச் சொல்லுங்க.”